வலுவைக் கூட்ட முதல் வடிகட்டியைக் கட்டுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

ஹைதராபாத்தில் வடிவமைக்கப்பட்ட மைக்ரோ பிற்எக்ஸ் போன்ற சிறு ஹாம் (அமெச்சூர்) வானொலிக் கருவிகள் 5 முதல் 10 வாற்று வரையே வெளியிடுகின்றன. அவற்றோடு பாகங்களாக வாங்கி நாமே கட்டும் இரண்டு ரான்சிஸ்ரர் கிற் அம்பிளிபயர் (வலுப் பெருக்கி) ஒன்றைப் பூட்டி 40, 50 வாற்று எடுக்கும் ஆர்வம் எங்கள் இளையோரிடம் இருக்கிறது. வரவேற்க வேண்டிய ஆர்வம். கையால் சுருள் சுற்றி, பற்றாசு பிடித்து, அளந்து, திருத்தி ஒரு கருவியை இயக்கும்போது வரும் படிப்பு எந்தப் புத்தகத்திலும் வராது. ஆனால் இந்தப் பெட்டிகளில் கடைசியாக நினைக்கப்படுகிற பாகம்தான் முதலில் கட்டப்பட வேண்டியது. அதுதான் வெளியீட்டு வடிகட்டி, வேண்டாத மேல் மீடிறன்கள் அன்ரெனாவுக்குப் போகாமல் தடுப்பது. பல மலிவான கிற்களில் அது வருவதே இல்லை. உங்கள் பத்திரிகையை மாணவரும் விஞ்ஞான ஆசிரியரும் ரேடியோ திருத்துநரும் வாசிப்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் தந்து உதவுங்கள்.

முதலில், வலு கூடுவதால் என்ன கிடைக்கும் என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். 5 வாற்றை 50 ஆக்கினால் 10 டெசிபெல் (வலு எத்தனை மடங்கு என்று சொல்லும் அலகு) கூடும். சமிக்கையின் பலத்தைக் காட்டும் கேட்பவரின் எஸ் மீற்றரில் ஒரு படி என்பது 6 டெசிபெல். ஆக, பத்து மடங்கு வலுவுக்கு முள் இரண்டு படிகூட முழுதாக ஏறாது. மோசமான அன்ரெனாவைத் திருத்தினால் இதே அளவு லாபம் செலவில்லாமலே கிடைக்கக்கூடும், அந்த லாபம் கேட்கும்போதும் கிடைக்கும். அம்பிளிபயர் காதுக்கு உதவாது.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஆகாய வழியில் சுமார் 300 கிலோமீற்றர், சென்னை 380. இந்தத் தூரத்துக்குப் பகலில் 40 மீற்றர் (7 மெகாஹேர்ட்ஸ்) அலைவரிசையே பொருத்தம். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு அரை அலை இருமுனை அன்ரெனா மொத்தம் 20 மீற்றர் நீளம் வரும். ஒவ்வொரு பக்கமும் 10.3 மீற்றர் விட்டு வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரை (அன்ரெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டுவது, 1 மிகச் சிறந்தது) பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நடுப்பகுதி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் போதும். அந்த உயரத்தில் அலை பெரும்பாலும் மேல்நோக்கிப் போய் அயன மண்டலத்தில் பட்டு நாடு முழுக்க இறங்கும். வளவில் பனை நின்றால் தூணுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் சோளகக் காற்றில் பனை ஆடும், இறுக்கிக் கட்டிய கம்பி அறுந்துவிடும். கப்பி ஒன்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையில் ஒரு பாரத்தைத் தொங்கவிடுங்கள். கேபிளும் கம்பியும் சேரும் இடத்தை நீர்புகாத ரேப்பால் மூடாவிட்டால் உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். கேபிளையும் கவனியுங்கள். ஆர்.ஜி. 58 கேபிள் 30 மீற்றர் ஓடினால் 7 மெகாஹேர்ட்ஸில் ஏறத்தாழ கால்வாசி வலு கேபிளுக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். இவ்வளவும் சரியான பிறகே அம்பிளிபயரைப் பற்றி யோசியுங்கள்.

அடுத்தது கிற்றைத் தெரிவது. மோர்ஸுக்கு மட்டும் என்று விற்கப்படும் சி வகுப்புக் கிற்களில் ரான்சிஸ்ரரின் கேற்றுக்கு (கட்டுப்படுத்தும் முனைக்கு) பயஸ், அதாவது சமிக்கை இல்லாதபோதும் நிற்கும் சிறு மின்னழுத்தம், இல்லை. அவை வலுவை நன்றாகத் தரும். ஆனால் அவற்றில் எஸ்.எஸ்.பி. எனப்படும் ஒற்றைப் பக்கப்பட்டைக் குரலை விட்டால் பேச்சின் மெல்லிய பகுதிகள் வெட்டுப்பட்டு, பக்கத்து மீடிறன்களில் எல்லாம் சிதறும். குரலோ பி.எஸ்.கே. என்ற கணினி முறை போன்ற வீச்சம் மாறும் சமிக்கையோ அனுப்ப விரும்புபவர் ஏபி வகுப்பு நேர்கோட்டு அம்பிளிபயர்தான் எடுக்க வேண்டும்.

இப்போது வடிகட்டிக்கு வருவோம். “கருவிக்குள்ளேயே வடிகட்டி இருக்கிறதுதானே, பிறகெதற்கு இன்னொன்று?” என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கருவிக்குள் இருப்பது கருவி உண்டாக்கும் அழுக்கைத்தான் தடுக்கும். அம்பிளிபயரின் ரான்சிஸ்ரர்கள் அதற்குப் பின்னால் நின்று புதிதாக உண்டாக்குவதை அது எப்படித் தடுக்கும்? 7.1 மெகாஹேர்ட்ஸைப் பெருக்கும்போது 14.2, 21.3, 28.4 என்று மடங்குகள் எல்லாம் சேர்ந்தே பிறக்கின்றன. இரண்டு ரான்சிஸ்ரரும் எதிரெதிராக மாறி மாறி இழுக்கும் அமைப்பில் இரட்டைப்படை மடங்குகள் ஓரளவு தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். மூன்றாம் மடங்கு அழியாது. வடிகட்டி இல்லாத பெட்டியில் அது வாற்றுக் கணக்கில் அன்ரெனாவுக்குப் போகும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளின்படி 30 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே இந்த வலுவில் இயங்கும் அமெச்சூர் கருவியின் வேண்டாத வெளியீடு முழு வலுவைவிட 50 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும். 50 வாற்றுக்கு அது அரை மில்லிவாற்று. இந்த அளவுக்குக் கண்டிப்பு இருக்கக் காரணமும் இருக்கிறது. சிற்றலையில் விமானங்களும் கப்பல்களும்கூடப் பேசுகின்றன.

40 மீற்றருக்கு ஏழு பாக வடிகட்டி ஒன்றின் அளவுகளைத் தருகிறோம். இரு முனைகளிலும் நிலத்துக்குப் போகும் கொள்ளளவிகள் 270 பிக்கோபரட், உள்ளே இருக்கும் இரண்டும் 680 பிக்கோபரட். சுருள்கள் மூன்றில் ஓரத்து இரண்டும் 1.4 மைக்ரோஹென்றி, நடுவில் 1.7 மைக்ரோஹென்றி. ரி 50-2 என்ற சிவப்பு வளையத்தில் ஓரத்துச் சுருள்களுக்கு 17 சுற்று, நடுச் சுருளுக்கு 19 சுற்று. எனாமல் கம்பி 0.6 அல்லது 0.7 மில்லிமீற்றர் விட்டம். 17 சுற்றுக்கு 35 சென்ரிமீற்றர் கம்பியும் 19 சுற்றுக்கு 40 சென்ரிமீற்றரும் வெட்டினால் பிடிக்க மிச்சம் இருக்கும். கம்பி வளையத்தின் துளையை ஊடுருவும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று. வெளிப்பக்கத்தைப் பார்த்து எண்ணுபவர்கள்தான் ஒன்று தவறவிடுகிறார்கள். சுற்றுகளை வளையத்தின் முக்கால்வாசிக்கு மேல் பரவவிட்டு, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே சிறு இடைவெளி விடுங்கள். முனைகளில் எனாமலைப் பிளேட்டால் நன்றாகச் சுரண்டி, முதலில் பற்றாசு பூசி, பிறகு பலகையில் வையுங்கள். வெளிப்பார்வைக்குப் பளபளப்பாகப் பிடித்தும் உள்ளே தொடுப்பில்லாத முனை இந்த வேலையில் மிகச் சாதாரணமான பிழை. மல்ரிமீற்றரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு சுருளையும் பலகையில் வைத்த பின்னரே சோதியுங்கள்.

கொள்ளளவிகள் என்.பி.ஓ. (சூட்டில் பெறுமானம் மாறாத பீங்கான்) அல்லது வெள்ளி மைக்கா வகையாக இருக்க வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும் சாதாரண மண்ணிறப் பீங்கான் வட்டுகள் இங்கே சூடாகி, பெறுமானம் மாறி, சில வேளை வெடிக்கும். 50 ஓமில் 50 வாற்று என்றால் உச்ச அழுத்தம் 70 வோல்ற். அன்ரெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர். 3 ஆகிவிட்டால் அது 100 வோல்ற்றைத் தாண்டும். 200 வோல்ற்றுக்குக் குறைந்த கொள்ளளவி வாங்க வேண்டாம். கட்டிய வடிகட்டியை, வெவ்வேறு மீடிறனில் இழப்பை அளக்கும் நனோ வி.என்.ஏ. என்ற சிறு கருவியில் மாட்டிப் பார்த்தால் 7.1இல் இழப்பு அரை டெசிபெலுக்குள் இருக்க வேண்டும், 14.2இல் 40 டெசிபெல் அளவு தடுக்க வேண்டும். 7.2க்கு முன்பே வளைந்து விழத் தொடங்கினால் சுற்றுகளை அகல விரியுங்கள், தூண்டல் குறையும். ஒரு வடிகட்டி ஒரு அலைவரிசைக்கே. 40 மீற்றர் வடிகட்டியோடு 80 மீற்றரில் அனுப்பினால் இரண்டாம் மடங்கு எந்தத் தடையும் இல்லாமல் வெளியே போகும்.

கருவியிலிருந்து அம்பிளிபயருக்குள் போகும் வலு இன்னொரு இடறல். பல கிற்கள் 1 வாற்று உள்ளீட்டுக்கே வடிவமைக்கப்பட்டவை. 5 வாற்றை நேரே கொடுத்தால் குரல் சப்பளிந்து போகும், அதற்கும் மேலே போனால் கேற்றின் 20 வோல்ற் எல்லை தாண்டி ரான்சிஸ்ரர் செத்துவிடும். நடுவில் 7 டெசிபெல் தணிப்பான் ஒன்றை வையுங்கள். நேரே போகும் பாதையில் 22 ஓம் 2 வாற்றுத் தடையி இரண்டு தொடராக. உள்ளீட்டுப் பக்கம் நிலத்துக்கு 390 ஓம் 2 வாற்று மூன்று சமாந்தரமாக, வெளியீட்டுப் பக்கமும் அப்படியே. உள்ளீட்டுப் பக்கத் தடையிகளும் நேர்ப்பாதைத் தடையிகளும் சேர்ந்து மூன்றரை வாற்றுக்கு மேல் சூடாக்கும் என்பதால் சிறியவற்றைப் போடாதீர்கள். கம்பி சுற்றிய சீமெந்துத் தடையி ஆகாது, அதுவே ஒரு சுருள். இந்தத் தணிப்பான், அனுப்புவதற்கும் கேட்பதற்கும் பாதையை மாற்றும் றிலேக்கு உட்பக்கம், அனுப்பும்போது மட்டும் இணையும் பாதையில் இருக்கட்டும். வெளியே வைத்தால் கேட்கும் சமிக்கையும் 7 டெசிபெல் குறைந்துவிடும்.

ரான்சிஸ்ரர் பெரும்பாலும் ஐ.ஆர்.எப். 510. மின்வழங்கிகளில் ஆளியாக வேலை செய்ய உருவானது, மலிவு, 7 மெகாஹேர்ட்ஸில் நன்றாக உழைக்கும். போலிகளும் சந்தையில் உண்டு. நான்கைந்து வாங்கி, சிறு பாகச் சோதனைக் கருவியில் கேற் தொடக்க அழுத்தம் (ஓட்டம் தொடங்கும் கேற் மின்னழுத்தம்) பார்த்து, நெருங்கிய இரண்டைச் சோடியாக்குங்கள். இந்த அழுத்தம் 2 முதல் 4 வோல்ற் வரை ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் நல்ல கிற்றில் ஒவ்வொரு ரான்சிஸ்ரருக்கும் தனித்தனிப் பயஸ் திருகு தரப்படுகிறது.

அந்தத் திருகைத் திருப்புவது பொறுமையான வேலை. வெளியீட்டில் 50 ஓம் டம்மி லோட், அதாவது அன்ரெனாவுக்குப் பதிலாக வலுவை வாங்கும் தடை. உள்ளீட்டில் எதுவும் கொடுக்க வேண்டாம், 50 ஓம் தடையி ஒன்று மட்டும். திருகு இரண்டும் பூச்சியத்தில். மின்வழங்கிக் கம்பியில் அம்பியர் மீற்றரைத் தொடராக வைத்து, அனுப்பும் ஆளியை அழுத்துங்கள். பயஸ் சுற்றும் றிலேயும் எடுக்கும் சிறு ஓட்டத்தைக் குறித்துக்கொண்டு, முதல் திருகை மெல்லத் திருப்பி அதற்கு மேல் 100 மில்லி அம்பியர் வரும்வரை கொண்டுபோங்கள். பிறகு இரண்டாவதைத் திருப்பி இன்னொரு 100. ஓட்டம் படிப்படியாக ஏறாமல் திடீரென்று பாய்ந்தால் அம்பிளிபயர் தானே அலைவுறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள். கேற்றுக்குப் போகும் பாதையில் 10 ஓம் தடையி இருக்கிறதா, ரான்சிஸ்ரரின் கால்கள் நீளமாக விடப்பட்டுள்ளனவா, உள்ளீட்டுக் கம்பி வெளியீட்டுக்குப் பக்கத்தால் போகிறதா என்று பார்த்தால் காரணம் அகப்படும். வைத்த ஓட்டம் நிலைத்து நிற்காது. ரான்சிஸ்ரர் சூடாகும்போது தொடக்க அழுத்தம் இறங்கும், ஓட்டம் ஏறும், ஓட்டம் ஏற இன்னும் சூடாகும். பத்து நிமிடம் இயக்கிய பின் மறுபடி அளந்து குறைத்து வையுங்கள்.

சூடு என்ற விடயத்தில் கிற் விற்பவரின் விளம்பரத்தை நம்ப வேண்டாம், கணக்கை நம்புங்கள். 50 வாற்று வெளியே போகும்போது ஏறத்தாழ இன்னொரு 50 வாற்று வெப்பமாகிறது. ஆளுக்கு 25. ஐ.ஆர்.எப். 510இன் உள்ளே சிலிக்கனிலிருந்து உலோக முதுகுக்கு ஒவ்வொரு வாற்றுக்கும் 3.5 பாகை ஏறும். அதுவே 87 பாகை. மைக்காத் தகட்டைத் தாண்ட இன்னும் 20 பாகை என்று வையுங்கள். எங்கள் மத்தியான வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, வெப்பத் தகடு 55 பாகையில் இருந்தால் சிலிக்கன் 160ஐத் தாண்டிவிடும். அதன் உச்ச எல்லை 175. இந்த இடைவெளியில் வேலை செய்வது புத்தியல்ல. அதே பெட்டியை 30 வாற்றில் ஓட்டினால் ஆளுக்கு 15 வாற்று வெப்பம், சிலிக்கன் 120க்குள் நிற்கும். கேட்பவருக்கு வித்தியாசம் 2 டெசிபெல் சொச்சம், எஸ் மீற்றரில் ஒரு படியில் மூன்றில் ஒன்று. எங்கள் பரிந்துரை 30 வாற்றுதான், பெட்டியில் எதை எழுதியிருந்தாலும். எப்.ரி. 8 போன்ற கணினி முறையில் ஒவ்வொரு முறையும் 12.6 செக்கன் இடைவிடாமல் முழு வலுவில் போகும். அதற்கு 15 முதல் 20 வாற்று போதும், கணினிக் காற்றாடி ஒன்றையும் பூட்டிவிடுங்கள்.

இந்த ரான்சிஸ்ரரின் உலோக முதுகு, மின்வழங்கி வந்துசேரும் டிரெயின் முனையோடு ஒட்டியது. மைக்கா அல்லது சிலிக்கோன் தகடும் திருகுக்குப் பிளாஸ்ரிக் புஷ்ஷும் போடாமல் வெப்பத் தகட்டில் இறுக்கினால் மின்வழங்கி நேரே நிலத்தோடு சேரும். மின் கொடுக்க முன், முதுகுக்கும் தகட்டுக்கும் நடுவே மல்ரிமீற்றர் எதையும் காட்டக்கூடாது.

மின்வழங்கி. 12 வோல்ற்றில் இந்தச் சோடி 15 வாற்று அளவில் நின்றுவிடும், 24 வோல்ற் இருந்தால்தான் 30 வாற்றை அலுங்காமல் தரும். இரண்டு 12 வோல்ற் பற்றரியைத் தொடராக இணையுங்கள். 30 வாற்றுக்கு சுமார் 2.5 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் உருகியைப் பற்றரி முனைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், பெட்டிக்குள் அல்ல. உருகிக்கு அப்பால் தலைகீழாக ஒரு பெரிய டயோட்டை நிலத்துக்கு இட்டால், முனை மாறிக் கொடுத்தாலும் உருகிதான் போகும், ரான்சிஸ்ரர் தப்பும். சிறு கருவியின் 12 வோல்ற்றை இரண்டில் ஒரு பற்றரியிலிருந்து எடுக்காதீர்கள், ஒன்று வற்றி மற்றது மிகையாக ஏறிப் பழுதாகும்.

றிலே ஆளியைக் கருவியின் அனுப்பும் முனையிலிருந்து இயக்க வேண்டும். ஆர்.எப். (வானொலி மீடிறன் சமிக்கை) வந்ததை உணர்ந்து தானே மாறும் வகை, குரலில் சொல்லுக்குச் சொல் தட்டிக்கொண்டிருக்கும். றிலேச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோட் கட்டாயம்.

டம்மி லோட்டைக் கடையில் தேட வேண்டாம். 1 கிலோஓம் 3 வாற்று உலோக ஒட்சைட்டுத் தடையி 20ஐச் சமாந்தரமாகப் பிடித்தால் 50 ஓம், 60 வாற்று. அதன் குறுக்கே அலைவுகாட்டியில் உச்ச அழுத்தத்தைப் பார்த்து, அதன் வர்க்கத்தை 100ஆல் பிரித்தால் வலு. 55 வோல்ற் என்றால் 30 வாற்று. வலு பாதிக்கும் கீழே இருந்து, இழுக்கும் ஓட்டமும் பாதியாக இருந்தால் ஒரு ரான்சிஸ்ரர் செத்துவிட்டது. இரண்டும் ஓட்டம் இழுத்தும் வலு வராவிட்டால் உள்ளீட்டு மின்மாற்றியின் ஒரு முனை மாறிப் பிடிக்கப்பட்டிருக்கும், இரண்டும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். இவை எல்லாம் டம்மி லோட்டில் தீர்ந்த பிறகே அன்ரெனா. எஸ்.டபிள்யூ.ஆர். 2க்கு மேல் இருந்தால் அனுப்ப வேண்டாம், இந்தக் கிற்களில் காப்புச் சுற்று இராது.

அன்ரெனா நடுவில் கேபிளை 20 சென்ரிமீற்றர் வட்டமாக 9, 10 சுற்றுச் சுற்றிக் கட்டினால், கேபிளின் வெளிப்பக்கத்தால் ஆர்.எப். வீட்டுக்குள் இறங்கி மைக்கைக் குழப்புவது குறையும். அயல் வீட்டுத் தொலைக்காட்சியில் கோடு விழுந்தால் முதலில் உங்கள் வடிகட்டியைச் சந்தேகியுங்கள். அது சரியென்று அளந்து காட்டிய பின், அவர்களின் கேபிளில் குறுக்கீட்டைத் தணிக்கும் பெரைற் வளையம் மாட்டிக்கொடுங்கள். அன்ரெனாவின் நுனிகளில்தான் அழுத்தம் மிக உச்சம். பிள்ளைகளின் கை எட்டாத உயரம் வேண்டும். சித்திரை, ஐப்பசி இடி மின்னலுக்குக் கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள்.

இதெல்லாம் அனுமதி பெற்றவர்களுக்கு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் அனுமதிப்பத்திரம் இல்லாமல் 1 வாற்றும் அனுப்பக்கூடாது. அனுமதிப்பத்திரத்தில் குறித்த வலு எல்லைக்குள் அம்பிளிபயர் அடங்குகிறதா என்று பாருங்கள். கிற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முதல் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள், சுங்கத்தில் அது உதவும்.

2004 ஆழிப்பேரலையின் பின் தெற்கில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது, அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலையில் செய்தி கொண்டுபோனவர்கள் ஹாம் வானொலியாளர்கள். 2008இல் நிஷாப் புயலையும் 2020இல் புரெவிப் புயலையும் கண்ட வடக்குக்கு இப்படியான 30 வாற்றுப் பெட்டிகள் நான்கைந்து, பற்றரியோடும் பயிற்சி பெற்ற கைகளோடும் ஊருக்கு ஊர் இருப்பது ஆடம்பரமல்ல.

அதற்கு ஒரு கோரிக்கை. எந்த மீடிறனில் எவ்வளவு வலு போகிறது என்று காட்டும் அலைமாலை அளக்கும் கருவி எல்லோர் வீட்டிலும் இராது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியும் மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது ஆய்வுகூடத்தைத் திறந்து, அனுமதி பெற்றவர்கள் கட்டிய பெட்டிகளின் மடங்கு வெளியீட்டை அளந்து, ஒரு தாளில் எழுதிக்கொடுக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு அரை மணி நேரம் போதும். 30 வாற்றைத் தாங்கும் 40 டெசிபெல் தணிப்பான் நடுவில் இருந்தால் அளக்கும் கருவிக்கு 3 மில்லிவாற்றுத்தான் போகும், எதுவும் பழுதாகாது. கொண்டுவருபவர்கள் வடிகட்டியின் மேல் மூடியை உடனே கழற்றக்கூடியதாக வைத்திருந்தால், சுற்றுகளை அங்கேயே நெருக்கியும் விரித்தும் திருத்திக்கொண்டு போகலாம்.

இங்ஙனம்,
அனுமதி பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.